விற்போர் சொல்லும் கேட்போர் உள்ளமும்

தோற்றுவாய்

தெருவிற் பண்டம் கூவி விற்பவனை நாம் அனைவரும் அறிவோம். உப்போ, கீரையோ, கோலமாவோ, எதுவாயினும் தெருமுனையில் அவன் குரல் எழும்பும்பொழுதே இன்னான் வருகிறான் என இல்லத்தார் அறிந்துகொள்வர். அவன் குரலே அவனுக்கு விளம்பரம். அத்தகையவன் ஒரு தெருவிற் புகும்பொழுது, ஒரு வீட்டு வாயிலில் இட்ட பந்தலும் அதன்கீழ்த் தலைகவிழ்ந்து அமர்ந்த ஆடவரும் கண்ணிற்பட, உள்ளிருந்து அழுகையொலியும் எழுமாயின் அவன் யாது செய்வான்? வாயை மூடிக்கொள்வான், தலைச்சுமையோடு அவ்வீட்டை மெல்லக் கடந்து செல்வான், அடுத்த தெருவை அடைந்த பின்னரே மீண்டும் குரல் எடுப்பான். அவ்வாறு செய்யுமாறு எக்கல்லூரியும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. கேட்போர் உள்ளம் எந்நிலையில் உள்ளதென்று நோக்கிய பின்னரே வாய் திறக்க வேண்டும் என்னும் முறையை அவன் மக்களோடு பழகிய பழக்கத்தாலேயே அறிந்தான்.

இக்காலத்துப் பெருவணிகரோ தெருவில் நின்று கூவுவதில்லை. மின்னஞ்சல், குறுஞ்செய்தி, முகநூல், இன்ஸ்டாகிராம் முதலியவற்றின் வாயிலாக ஒரே நொடியிற் பல இலட்சம் இல்லங்களினுள்ளே புகுந்து, படுக்கையருகேயும் உண்ணும் இடத்தருகேயும் நின்று பேசுகின்றனர். குரல் பெருகிற்று, கண்ணோ குன்றிற்று. எவ்வீட்டு வாயிலிற் பந்தல் இட்டிருக்கிறது என்பதை அவர்கள் காண்பதில்லை.

என் அன்னையார் காலஞ்சென்ற மறு ஆண்டு, அவர்தம் பிறந்த நாளன்று, எம் இல்லத்திற் பேணி வைத்திருந்த அவருடைய கைப்பேசிக்கு ஒரு துணிக்கடையினின்றும் வாழ்த்து வந்தது. நீடூழி வாழ்க என வாழ்த்தி, அன்று ஒரு நாளைக்கு மட்டும் நூற்றுக்குப் பத்து வீதம் தள்ளுபடி உண்டென அது கூறிற்று. அக்கடையார் தீயவரல்லர், அன்னையார் கடைக்குச் சென்றால் நாற்காலி இட்டு அமர்த்தி நலம் உசாவியவர்களே. ஆயினும் அச்செய்தியை அனுப்பியவர் அவரல்லர். நாள் பார்த்து அனுப்புமாறு அமைத்துவைத்த பொறியே அனுப்பிற்று. அதனைப் படித்த என் தந்தையார் ஒன்றும் பேசாது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

நம் கல்லூரியிற் பயின்று வெளிச்செல்லும் மாணவருள் வணிகநிலையங்களின் இணையப் பக்கங்களுக்கு எழுதும் தொழிலை மேற்கொள்வோர் பலராவர். அவர்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் இத்தகைய ஓர் இல்லத்திற் சென்று விழக்கூடும். ஆதலின், கண்ணுக்குப் புலப்படாத பந்தலை எங்ஙனம் அறிவது, அறிந்தபின் யாது செய்வது என்பதை உலகில் நிகழ்ந்த சில உண்மை நிகழ்ச்சிகளைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஒத்துணர்வு யாது?

பிறர் நிலையிலே தன்னை நிறுத்தி, அவர் உணர்வதைத் தானும் உணர்தலே ஒத்துணர்வு எனப்படும். ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் 'எம்பதி' என்னும் சொல் பழஞ்சொல் அன்று. ஓவியம் முதலிய கலைப்பொருளை நோக்குவோன் தன் உணர்வை அதனுட் செலுத்துதலை ஜெர்மானிய அறிஞர் 'ஐன்ஃபூலுங்' என்றனர். அச்சொல்லை 1909-ஆம் ஆண்டில் எட்வர்டு டிட்செனர் என்னும் உளநூற் புலவர் ஆங்கிலத்திற் பெயர்த்து அமைத்தார். பின்னர் அது மக்கள் ஒருவரையொருவர் உணர்தலுக்கும் பெயராயிற்று.

இரக்கமும் ஒத்துணர்வும் ஒன்றெனக் கருதுவோர் உளர். அவை ஒன்றல்ல. இரக்கம் கரையில் நின்று வெள்ளத்தில் வீழ்ந்தவனைப் பார்ப்பது. ஒத்துணர்வு அவ்வெள்ளத்தின் குளிரும் விசையும் எத்தன்மையன என அறிந்து கயிறு எறிவது. வணிகனுக்கு வேண்டுவது பின்னையதே. இரங்கும் சொற்களை எவனும் எளிதில் எழுதிவிடலாம். கேட்போன் நிலையை அறிந்து சொல்லையும் செயலையும் மாற்றிக்கொள்வதே அரிது. திருவள்ளுவர் வணிகர்க்கென உரைத்த குறள், பொருளீட்டும் திறத்தைக் கூறும் அதிகாரத்தில் அன்றி நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் அமைந்திருப்பது கருதத்தக்கது. கொள்வோன் தட்டிலும் தன்னையே வைத்துப் பார்ப்பவன் கையிலேதான் துலாக்கோல் சாயாது நிற்கும்.

கண் குன்றிய குரல்

இணையத்தில் விற்போர் பெரும்பாலும் மூன்று வகையிற் பிழைபடுகின்றனர்.

முதலாவது, வழக்கமாகிப்போன சொல்லை ஆராயாது ஆளுதல். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் நிகழும் நெடுந்தொலை ஓட்டத்தில், 2013 ஏப்ரல் 15-ஆம் நாள் முடிவுக்கோட்டின் அருகே குண்டுகள் வெடித்து மூவர் மாண்டனர். இருநூற்றறுபதின்மருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2017-ஆம் ஆண்டு ஓட்டம் முடிந்த மறுநாள், ஓட்டக்காரருக்குக் காலணி விற்கும் அடிடாஸ் கம்பெனியார் அதிற் கலந்துகொண்டோர்க்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினர். பாஸ்டன் ஓட்டத்தில் உயிர் பிழைத்தீர், வாழ்த்துக்கள் என்பது அதன் தலைப்பின் கருத்து. நெடுந்தூரம் ஓடி இளைத்தவனைப் பார்த்துப் 'பிழைத்தாய்' என விளையாட்டாகக் கூறுவது எவ்வூரிலும் உள்ள வழக்கே. அச்சொல் வேறோர் ஊரில் குற்றமற்றது. பாஸ்டனிலோ அது புண்ணிற் பட்ட கோலாயிற்று. கம்பெனியார் அன்றே மன்னிப்பு வேண்டினர். சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை, அதனைக் கேட்போர் நினைவிலும் உண்டு என்பதே இதனாற் பெறும் பாடம்.

இரண்டாவது, உள்ளமறியாப் பொறியை உள்ளமறிந்தது போலப் பேசவிடுதல். 2014 டிசம்பரில் முகநூல் கம்பெனியார், ஒவ்வொருவரும் அவ்வாண்டு வெளியிட்ட படங்களைத் தொகுத்து, ஆண்டு இனிதே கழிந்தது என்னும் வாசகத்தோடு காட்டும் ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். எப்படத்தை மிகுதியானோர் கண்டு விடையளித்தனரோ, அதனையே பொறி முன்வைத்தது. வலைத்தள அமைப்பில் வல்லுநராகிய எரிக் மேயர் என்பவர்க்கு அப்பொறி காட்டியது, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நோயால் இறந்த அவருடைய ஆறு வயது மகளின் முகம். அம்முகத்தைச் சூழ ஆடிப்பாடும் கொண்டாட்டச் சித்திரங்கள் வரையப்பட்டிருந்தன. அவர் சினந்து எழுதவில்லை. இதனை எவரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றும், மகிழ்ந்தவரை மட்டுமே மனத்திற் கொண்டு அமைத்ததன் விளைவு இது என்றும் எடுத்துக்காட்டி, மாற்றும் கூறினார். காண விரும்புகிறாரா என்று முதலிற் கேளுங்கள். அவர் உடன்படுமுன் எப்படத்தையும் முன்வையாதீர்கள் என்பதே அவர் கூறிய மாற்று. அவ்வேற்பாட்டிற்குப் பொறுப்பாளராயிருந்தவர் தம் வருத்தத்தைத் தெரிவித்தார்.

இதனினும் நுட்பமானது 2018 டிசம்பரில் நிகழ்ந்தது. வாஷிங்டன் போஸ்ட் இதழைச் சார்ந்த ஒரு பெண் எழுத்தாளர் குழந்தையை இறந்து பிறக்கப் பெற்றார். அவர் கருவுற்றிருந்ததை அவருடைய தேடல்களாலும் வாங்கிய பண்டங்களாலும் அறிந்திருந்த விளம்பரப் பொறிகள், அதன் பின்னும் குழந்தைக்குரிய பண்டங்களையே அவர்முன் நிறுத்தின. இவை எனக்குப் பொருந்தா என அவர் அழுத்திக் காட்டியபொழுது, குழந்தை நலமே பிறந்துவிட்டது எனப் பொறி முடிவுகட்டி, பாலூட்டும் தாய்க்குரியவற்றை அனுப்பத் தொடங்கிற்று. கருவுற்றதை அறியும் கூர்மை உடைய நீங்கள், குழந்தை இறந்ததை அறியும் கூர்மை இலரோ என அவர் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு வெளிப்படையாக மடல் எழுதினார். அம்மடல் உலகெங்கும் படிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல் கருவுறுதல், குழந்தை வளர்ப்பு, திருமணத்துணை தேடல், உடல் எடை குறைத்தல் ஆகியவை பற்றிய விளம்பரங்கள் தம்மிடம் குறைவாக வருமாறு பயனர் அமைத்துக்கொள்ளும் வசதியைக் கூகுள் கம்பெனியார் அளித்தனர். பொறிக்குக் கண் இல்லையெனின், கேட்போன் கையில் ஒரு தாழ்ப்பாளாவது தருதல் வேண்டும் என்னும் அறிவு இங்ஙனம் மெல்ல மெல்லத் தோன்றிற்று.

மூன்றாவது பிழை, பிறர் துன்பத்தையே கூவுதற்குரிய மேடையாகக் கொள்ளுதல். முன்னைய இரண்டும் அறியாமையால் விளைவன. இஃதோ அறிந்தே செய்வது. 2011 பிப்ரவரியில் எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் மக்கள் திரண்டு கிளர்ச்சி செய்தபொழுது, அமெரிக்க ஆடை வணிகராகிய கென்னத் கோல், அவ்வாரவாரம் தம் புதிய ஆடைகள் விற்பனைக்கு வந்தமையால் எழுந்ததாம் என்னும் கருத்துப்பட, அந்நாளில் ட்விட்டர் என வழங்கி 2023 முதல் எக்ஸ் எனப் பெயர் மாறிய தளத்தில் எழுதி, பலர் இகழ்ச்சிக்கும் உள்ளாகிப் பின் மன்னிப்பு வேண்டினார். 2015 ஏப்ரல் 25-ஆம் நாள் நேபாளத்தில் நிலம் நடுங்கி ஏறத்தாழ ஒன்பதினாயிரவர் மாண்ட சில நாட்களுக்குள், நம் நாட்டு லென்ஸ்கார்ட் கம்பெனியார் அந்நடுக்கத்தையே சிலேடையாக்கிக் கறுப்புக் கண்ணாடி விற்கும் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பினர். கண்டனம் எழவே அவர்களும் வருந்தி மன்னிப்புக் கேட்டனர். சொல்நயம் ஒருவனுக்கு எத்துணை இருப்பினும், இடமறியாதவழி அதுவே அவனுக்குப் பகையாம்.

பேசாதிருக்கும் அறம்

நிற்க. பிழைகளையே எண்ணிக்கொண்டிராது, செவ்விய செயல் ஒன்றையும் காண்போம். லண்டன் நகரைச் சார்ந்த 'புளூம் அண்டு ஒயில்டு' என்பது இணையத்தின் வாயிலாக மலர்க்கொத்து விற்கும் கம்பெனி. பிரிட்டனில் மார்ச்சு மாத அளவில் வரும் அன்னையர் நாளே மலர் வணிகர்க்குப் பெருவிற்பனைக் காலம். அக்காலத்தில் அன்னையை மறவாதீர் என்னும் பொருள்பட நாள்தோறும் மின்னஞ்சல் விடுப்பது அவ்வணிகர் வழக்கம். அன்னையை இழந்தவர்க்கும், மகவை இழந்த அன்னைக்கும், மகப்பேறு வேண்டி ஏங்குவார்க்கும் அம்மடல்கள் எத்தகையனவாயிருக்கும் என இக்கம்பெனியார் எண்ணிப் பார்த்தனர். 2019-ஆம் ஆண்டு அன்னையர் நாளுக்கு முன்னர், இந்நாள் சிலர்க்குத் துயர் தருவதாகலாம். இது குறித்த மடல்கள் வேண்டாவெனின் எமக்குத் தெரிவியுங்கள், மற்ற மடல்கள் வழக்கம்போல் வரும் என்னும் கருத்துப்படத் தம் வாடிக்கையாளர்க்கு எழுதினர். ஏறத்தாழப் பதினெண்ணாயிரவர் அம்மடல்கள் வேண்டா என்றனர். அவருட் பலர் நன்றி கூறியும் விடை எழுதினர். பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவையிலேயே இச்செயலை எடுத்துரைத்து, ஏனை வணிகரும் இதனைப் பின்பற்றினால் நன்றென்றார்.

இதன் சிறப்பு யாது? இக்கம்பெனியார் தாம் இரக்கமுடையவரெனப் பறைசாற்றவில்லை. கண்ணீர் வருவிக்கும் படம் ஒன்றையும் வெளியிடவில்லை. தமக்கு மிகுந்த ஊதியம் தரும் காலத்தில், பதினெண்ணாயிரவர்முன் பேசாதிருக்க உடன்பட்டனர், அவ்வளவே. பந்தல் இட்ட வீட்டைக் கடக்கும்பொழுது வாய்மூடும் தெருவணிகன் செயலை, கண் காணாத இடத்திலும் செய்தற்கு ஒரு வழி கண்டனர். காணாதவிடத்துக் கேட்டறிதல் என்பதே அவ்வழி.

இதனையும் ஆராயாது பின்பற்றினால் கேடு விளையும். ஒரு வணிகர் கேட்பது ஆறுதலாம். ஒரே வாரத்தில் இருபது வணிகர் கேட்பின், அன்னையர் நாள் பற்றிய மடல் வேண்டுமா என்னும் வினாக்களே இருபது முறை புண்ணைத் தீண்டுமன்றோ? ஆதலின் ஒருமுறை கேட்டு, விடையை ஆண்டுதோறும் நினைவில் வைத்தலும், வாடிக்கையாளர் தாமே எப்பொழுது வேண்டுமாயினும் மாற்றிக்கொள்ளுமாறு அவர்தம் கணக்கில் ஓரிடம் அமைத்தலும் வேண்டும். கேட்ட விடையை மறந்து மறு ஆண்டும் மடல் விடுப்பது கேளாதிருத்தலினும் கொடிது.

தவறு நேர்ந்தபின்

எத்துணை விழிப்போடிருப்பினும் தவறு நேர்தல் இயல்பு. அக்காலத்து ஒருவன் கூறும் முதற்சொல்லே அவன் உள்ளத்தைக் காட்டிவிடும்.

2017 ஏப்ரல் 9-ஆம் நாள் சிகாகோ நகரின் ஓஹேர் வானூர்தி நிலையத்தில், லூயிவில் செல்லவிருந்த யுனைடெட் கம்பெனி வானூர்தியில், தம் ஊழியர்க்கு இடம் வேண்டி நால்வரை இறங்குமாறு பணித்தனர். அவருள் ஒருவராகிய முதிய மருத்துவர் மறுக்கவே, நிலையக் காவலர் அவரை இருக்கையினின்றும் பற்றி இழுத்துச் சென்றனர். அவர் முகத்திற் குருதி வடிந்தது. உடன்சென்ற பயணிகள் எடுத்த படம் ஒரே நாளில் உலகெங்கும் பரவிற்று. மறுநாள் கம்பெனித் தலைவர் வெளியிட்ட அறிக்கை, அப்பயணிகளுக்கு மாற்றிடம் அளிக்க நேர்ந்தமைக்கு வருந்துவதாகக் கூறிற்று. குருதியைக் கண்ணாற் கண்ட மக்கள்முன் 'மாற்றிடம்' என்னும் அலுவலகச் சொல்லை வைத்தனர். அச்சொல் இழுத்துச் சென்ற செயலினும் மிகுந்த சினத்தை மூட்டிற்று. அதற்கு மறுநாள் தலைவர் வேறோர் அறிக்கையில், நிகழ்ந்தது கொடிது என ஒப்பி முழு மன்னிப்பு வேண்டினார். அம்மாத இறுதியில், காவலுக்கும் பாதுகாப்புக்கும் வேண்டியவழியன்றி இருக்கையில் அமர்ந்தவரை எழுப்புவதில்லை என்றும், தாமே முன்வந்து இடம் விடுவோர்க்குப் பதினாயிரம் டாலர் வரையில் ஈடு தரப்படும் என்றும் விதிகள் மாறின. முதல் அறிக்கையில் இல்லாததும் பின்னர் வந்ததும் யாவை எனின், நேர்ந்ததை அதன் பெயரால் அழைத்தலும், தன் கைப்பொருளிற் சிறிது இழக்க இசைதலுமாம்.

இதற்கு மாறானது 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் நிகழ்ந்தது. கோழிக்கறி உணவு விற்கும் கே.எஃப்.சி. கம்பெனியார் சரக்குக் கொண்டுசேர்ப்போரை மாற்றிய சில நாட்களில், கோழிக்கடைகளிற் கோழியே இல்லாது, ஏறத்தாழத் தொள்ளாயிரம் கடைகளுட் பாதிக்கு மேற்பட்டவை மூடப்பட்டன. அவர்கள் பழியைப் பிறர்மேல் ஏற்றவில்லை. தம் பெயரின் மூன்று எழுத்துக்களை இடம்மாற்றித் தம்மையே வைதுகொள்ளும் சொல்லாக்கி, வெற்றுக் கூடையின்மேல் அச்சிட்டு, நாளிதழ்களில் முழுப்பக்கம் வெளியிட்டனர். அதன்கீழ், நெடுந்தொலை நடந்து வந்து மூடிய கதவைக் கண்டு திரும்பியவரிடம் மன்னிப்பு வேண்டி, இடர்ப்பட்டு உழைத்த தம் ஊழியர்க்கு நன்றியும் கூறினர். அப்பக்கம் சமூக ஊடகங்களிற் பரவிப் பலரால் நகைத்து வரவேற்கப்பட்டது. ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இழந்தது ஒருவேளை உணவாதலின் நகைச்சுவை பொருந்திற்று. குருதி வடிந்தவிடத்து அது பொருந்தாது. இழப்பின் அளவை அறிந்து குரலின் அளவை அமைத்தலும் ஒத்துணர்வின் ஒரு கூறே.

வேடமும் மெய்யும்

ஒத்துணர்வு பயன்தரும் எனக் கண்டபின், அதனை வேடமாகப் பூணுவோரும் தோன்றினர். 2017 ஏப்ரல் 4-ஆம் நாள் பெப்சி கம்பெனியார் வெளியிட்ட ஒரு படத்தில், தெருவிற் கிளர்ச்சி செய்வோர்க்கும் காவலர்க்கும் இடையே புகுந்த ஓர் அழகி, காவலர் ஒருவர் கையில் ஒரு குவளைப் பானத்தை அளிக்க, யாவரும் மகிழ்ந்து ஆரவாரித்தனர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் காவலரால் உயிரிழந்தோர் பொருட்டுத் தெருவில் நின்ற காலம் அது. மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் மகளார், தம் தந்தையாரைக் காவலர் தள்ளும் பழைய படத்தை வெளியிட்டு, அந்தப் பானத்தின் ஆற்றலைத் தம் தந்தையார் அறியாது போனாரே என்னும் கருத்துப்பட எள்ளி எழுதினார். மறுநாளே கம்பெனியார் அப்படத்தை விலக்கி மன்னிப்புக் கேட்டனர். பிறர் துயரின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் விலையை விட்டுவிட்டமையே அவர் செய்த பிழை.

2020-ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவிய தொடக்கத்திலும் இவ்வாறே ஆயிற்று. மெல்லிய பியானோ இசை, வெறிச்சோடிய தெரு, இவ்வரிய காலத்தில் உம்மோடு நாமும் உள்ளோம் என்னும் சொல், இவற்றையே ஊர்தி விற்போரும் வங்கியாரும் உணவு விற்போரும் ஒருங்கே வெளியிட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் ஒருவர் அவ்விளம்பரங்களைத் துண்டு துண்டாக ஒட்டி, யாவும் ஒன்றே எனக் காட்டும் ஒரு படத்தை யூடியூபில் வெளியிட, கண்டோர் நகைத்தனர். எல்லார்க்கும் பொருந்தும் ஆறுதல் ஒருவர்க்கும் ஆறுதல் ஆகாது.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு நம் நாட்டில் கேட்பரி கம்பெனியார் செய்தது வேறுவகைத்து. நோயால் விற்பனை இழந்த சிறுகடைக்காரர்தம் கடைகளின் பெயர்களைத் தம் விளம்பரத்திலே சேர்த்து, காண்போர் வாழும் பகுதிக்கேற்ப அண்டைக் கடைகளின் பெயர் தோன்றுமாறு அமைத்தனர். தாம் விலைகொடுத்துப் பெற்ற விளம்பர நேரத்திற் பிறர்க்கும் பங்கு கொடுத்தனர். 2015 நவம்பரில் சென்னை நகரை வெள்ளம் சூழ்ந்தபொழுது, வாடகைக் கார் நடத்தும் ஓலா கம்பெனியார் நீர் நின்ற தெருக்களிற் படகுகளை விட்டு, அகப்பட்டோரைக் கட்டணமின்றி மீட்டதும் இவ்வினத்ததே. கார் செல்லா இடத்திற் படகு வேண்டும் என்பதை அறிதற்குப் பெருங்கல்வி வேண்டா. நீரில் நிற்பவன் நிலையில் தன்னை நிறுத்திப் பார்த்தல் ஒன்றே வேண்டும்.

எனவே மெய்யையும் வேடத்தையும் பிரித்தறியும் உரைகல் ஒன்று நமக்குக் கிடைக்கின்றது. விற்போன் இதனால் எதனை விட்டுக்கொடுத்தான்? விற்பனையையோ, பணத்தையோ, செருக்கையோ, பேசும் வாய்ப்பையோ ஏதேனும் ஒன்றை விட்டிருப்பின் அது ஒத்துணர்வு. ஒன்றும் விடாது சொல்லை மட்டும் மெத்தென்று ஆக்கியிருப்பின் அது அலங்காரம்.

ஓர் ஐயம்

வணிகன் நாடுவது ஊதியமே. அவன் காட்டும் ஒத்துணர்வும் ஊதியத்தின் பொருட்டன்றோ என ஒருசாரார் வினவுவர். வினா நேரியதே. மலர் வணிகர்க்கும் அச்செயலால் நற்பெயரும் வாடிக்கையும் பெருகியிருத்தல் கூடும். ஆயினும் தெருவணிகன் பந்தலைக் கடந்து வாய்மூடிச் சென்றதிலும், நாளை அவ்வீட்டார் தன்னிடமே வாங்குவர் என்னும் எண்ணம் ஓர் ஓரத்தில் இருந்திருக்கலாம். அதனால் அழுதவர்க்குக் கிடைத்த அமைதி பொய்யாகிவிடுமோ? ஆகாது.

உண்மையில் அஞ்சத்தக்கது வேறொன்று. பிறர் உள்ளத்தை அறியும் திறம் காத்தற்கும் பயன்படும், வேட்டையாடுதற்கும் பயன்படும். 2017 மே மாதத்தில் 'தி ஆஸ்திரேலியன்' நாளிதழ், இளைஞர் எப்பொழுது தம்மைப் பயனற்றவராக எண்ணிச் சோர்கின்றனர் என அறியக்கூடும் என்று கூறும் முகநூல் கம்பெனியின் உட்குறிப்பு ஒன்றை வெளியிட்டது; மனநிலையைக்கொண்டு விளம்பரம் செலுத்தும் கருவி தம்மிடம் இல்லையெனக் கம்பெனியார் மறுத்தனர். அது நிற்க, ஒருவன் சோர்ந்த நேரத்தை அறிந்து, அந்நேரத்தில் அவனிடம் விற்பது ஒத்துணர்வன்று. மானின் தாகத்தை வேடனும் அறிவான். அறிந்ததை யார் நன்மைக்கு ஆளுகிறோம் என்பதே வேற்றுமை.

எழுதுவோர்க்குச் சில

இனி, இத்தொழிலிற் புகும் மாணவர் கைக்கொள்ளத்தக்கன சிலவற்றைக் கூறுவாம்.

ஒன்று: எழுதியதை வெளியிடுமுன், அதனை வாங்கும் நிலையில் உள்ள ஒருவனாக மட்டுமன்றி, நேற்று வேலை இழந்தவனாகவும், மருத்துவமனை வாயிலில் அமர்ந்திருப்பவனாகவும் இருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இரண்டு: நாள் குறித்து முன்னரே அமைத்துவைத்த பதிவுகளை, ஊரில் ஒரு பேரிடர் நேர்ந்தவுடன் எந்நேரமாயினும் நிறுத்தும் உரிமை பெற்ற ஒருவர் அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். பொறி தானே நில்லாது.

மூன்று: கண்ணில்லாதார்க்குப் படத்தின் செய்தியைச் சொல்லாலும், செவியில்லாதார்க்குப் பேச்சை எழுத்தாலும் தருதல் வேண்டும். கேட்போருள் அவரும் உளர்.

நான்கு: குறை கூறுவோர்க்கு விடையிறுக்கும்பொழுது, அவர்க்கே உரிய சொல் ஒன்றேனும் அதில் இருத்தல் வேண்டும். மகளின் பிறந்த நாளுக்கென வாங்கிய பொம்மை மறுநாள் வந்து சேர்ந்ததென ஒரு தாய் எழுதினார் எனக் கொள்வோம். "தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்திற்கு வருந்துகிறோம், தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியமானது" என்பது வழக்கமான விடை. இதனைப் பொம்மைக்கும் எழுதலாம், பழுதுற்ற தையற்பொறிக்கும் எழுதலாம். அத்தாயின் கடிதத்தைப் படித்ததற்கு அடையாளம் அதில் ஒன்றும் இல்லை. "தங்கள் மகளின் பிறந்த நாளுக்கு வரவேண்டிய பொம்மை ஒரு நாள் பிந்தி வந்தது எங்கள் தவறு. அந்நாளைத் திருப்பித் தர எங்களால் இயலாது. விலைத்தொகையை இன்று திருப்பி அனுப்பிவிட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் கணக்கிற் சேரும். பொம்மை குழந்தையிடமே இருக்கட்டும்" என்று எழுதினால், தவறு இன்னதென்பதும், செய்வது இன்னதென்பதும், நாள் இன்னதென்பதும் விளங்குகின்றன. அத்தாயின் சினம் தணியாது போயினும், தம் சொல் ஒரு மனிதர் செவியில் விழுந்தது என்பதையாவது அவர் அறிவார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒத்துணர்வு என்பது இன்சொல்லை மிகுதியாகப் பெய்தல் அன்று என்பதும், கேட்போன் நிலையை அறிந்தும், அறியாதவழிக் கேட்டும், அதற்கேற்ப விற்போன் தனக்குரியதில் ஒன்றை விட்டுக்கொடுத்தலே என்பதும் பெறப்படும். கருவிகள் புதியன, அறம் பழையது.

சென்ற ஆண்டு அத்துணிக்கடைக்குச் சென்றபொழுது, அன்னையார் மறைவைக் கூறி, அவர்தம் எண்ணை நீக்குமாறு வேண்டினேன். பணம் வாங்கும் இடத்தில் இருந்த இளைஞர் நம் கல்லூரியிற் பயின்றவர். அவர் எழுந்து நின்று, "ஐயா, இது எனக்குத் தோன்றாமற் போயிற்றே" என்றார். எண்ணை நீக்கியதோடு நில்லாது, ஓராண்டாகக் கடைக்கு வாராதவர்க்கு வாழ்த்து அனுப்புமுன் ஒருவர் பெயர்ப்பட்டியலைப் பார்க்கும்படி முதலாளியிடம் கூறுவதாகவும் சொன்னார். அவர் கூறியவாறே செய்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். எம் இல்லத்துக்கு இனி அதனாற் பயனில்லை. வேறு எந்த இல்லத்திலோ ஒரு கைப்பேசி, அவ்வொரு நாளில் ஒலிக்காதிருக்கும்.